கைநாட்டு வெட்கமும் முந்நூறு பேரும்: 'தி ரீடர்' பார்த்தவர்கள் வரவும்

உப்பளம் வாசகன் (ஞாயிறு, இரவு 10.15)

இன்று மாலை நம் திரைவட்டத்தில் 'தி ரீடர்' (2008) பார்த்தவர்களுக்காக இந்த இழை. கதை முழுவதும் பேசப் போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். தமிழ் சப்டைட்டில் போட்ட நண்பர்களுக்கு முதலில் ஒரு கும்பிடு.

படம் முடியும்போது மழை பிடித்துக்கொண்டதால் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. எனக்கு வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை.

1958, மேற்கு ஜெர்மனி. பதினைந்து வயது மைக்கேல் காய்ச்சலோடு தெருவோரம் வாந்தி எடுக்கிறான். முப்பத்தாறு வயது டிராம் கண்டக்டர் ஹன்னா முகம் கழுவிவிட்டு வீடு வரை கொண்டுபோய் விடுகிறாள். உறவு தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் அவன் முதலில் ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்ட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஒரு கோடையோடு அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போய்விடுகிறாள். எட்டு வருடம் கழித்துச் சட்டக் கல்லூரி மாணவனாக ஒரு வழக்கைப் பார்க்கப் போகிறான். கூண்டில் நிற்கும் ஆறு பெண்களில் ஒருத்தி ஹன்னா.

நாஜி முகாமில் காவலாளி வேலை. மாதாமாதம் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்ப ஆள் பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள். போர் முடியும் நேரத்தில் கைதிகளை நடத்திக் கூட்டிப் போகும்போது, இரவு தங்க ஒரு தேவாலயத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். குண்டு விழுந்து தீப்பிடிக்கிறது. கதவைத் திறக்கவில்லை. முந்நூறு பேர். நடந்ததைப் பற்றிய அறிக்கையை எழுதியது யார் என்று கேட்டு, எழுத்து மாதிரிக்காகத் தாளும் பேனாவும் வைக்கிறார்கள். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'நான்தான் எழுதினேன்' என்று ஒப்புக்கொள்கிறாள். அவளுக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அது மைக்கேலுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அவனும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு ஆயுள், மற்றவர்களுக்குச் சில வருடங்கள்.

என்னை உறுத்துவது இதுதான். கதவைத் திறந்தால் எல்லாரும் ஓடிவிடுவார்கள், எங்கள் பொறுப்பு என்ன ஆவது என்று நீதிபதியிடம் விளக்கும்போது அவள் முகத்தில் வெட்கமே இல்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் வருகிறது. அது என்ன வெட்கம்?

கடற்கரைச் சாலை (ஞாயிறு, இரவு 10.40)

ஹன்னாவாக நடித்தவர் டைட்டானிக்கில் பார்த்த பெண்ணா என்று ஆகிவிட்டது. ஆஸ்கர் கொடுத்தது தகும்.

ஒரு குறை. பின்வரிசையில் யாரோ படம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு முறை திரும்பிப் பார்த்தும் நிறுத்தவில்லை. நீதிமன்றக் காட்சியில்கூட. இப்படிப்பட்ட படத்துக்கு வந்துமா?

மஞ்சக்குப்பம் வக்கீல் (ஞாயிறு, இரவு 11.30)

கடலூரிலிருந்து மழையில் பைக் ஓட்டி இப்போதுதான் வந்து சேர்ந்தேன். தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

முதலில், 'காதல் படம்' என்று அறிவிப்பில் போட்டிருந்தீர்களே, அதில் எனக்குச் சம்மதமில்லை. பையனுக்குப் பதினைந்து. இங்கே 2012-க்குப் பிறகு இது போக்சோ வழக்கு. பதினெட்டுக்குக் கீழே ஆணோ பெண்ணோ குழந்தைதான், சம்மதித்தான் என்ற வாதம் நிற்காது. அவன் அதற்குப் பிறகு எந்தப் பெண்ணோடும் ஒட்ட முடியாமல், சொந்த மகளிடம்கூடப் பேச்சு வராமல் வாழ்கிறானே, அதைப் பாருங்கள். ஹன்னா செய்த குற்றங்களில் வழக்குக்கே வராத குற்றம் அவன்.

அடுத்தது எழுத்து மாதிரி. நம் ஊர் நீதிமன்றத்திலும் இது உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் 73-ஆம் பிரிவு. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது என்ற அரசியலமைப்புப் பாதுகாப்பு கையெழுத்து மாதிரிக்குப் பொருந்தாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. எழுதச் சொன்னால் எழுத வேண்டும். ஹன்னாவுக்கு அதுகூட வேண்டாம், 'எனக்கு எழுதத் தெரியாது' என்ற மூன்று சொல் போதும்.

ஆனால் அந்த மூன்று சொல் அவளை விடுதலை செய்திருக்காது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அறிக்கை எழுதியவர் யார் என்பது அந்தக் கூட்டத்துக்குத் தலைவி யார் என்பதற்கு மட்டும்தான் சான்று. கதவைத் திறக்காதவர்கள் ஆறு பேரும். மைக்கேல் எழுந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஆயுள் போய் மற்றவர்களுக்குக் கிடைத்த நாலு வருடச் சொச்சம் கிடைத்திருக்கும். அவ்வளவுதான். படம் பார்க்கும்போது 'ஐயோ, அநியாயமாக மாட்டிக்கொண்டாளே' என்று நமக்குத் தோன்றுகிறது பாருங்கள், அங்கேதான் படம் நம்மை ஏமாற்றுகிறது. அவளுக்கு நடந்த அநியாயம் தண்டனையின் அளவில், அவள் மேல் இருந்த குற்றத்தில் அநியாயம் ஒன்றும் இல்லை.

படத்து வழக்கு கற்பனை. நிஜத்தில் 1963 டிசம்பர் 20 முதல் 1965 ஆகஸ்ட் வரை பிராங்பர்ட்டில் ஆஷ்விட்ஸ் வழக்கு நடந்தது. அதைக் கொண்டுவர முட்டி மோதியவர் ஃப்ரிட்ஸ் பாவர் என்ற அரசு வழக்கறிஞர். யூதர், 1933-லேயே நாஜிகள் முகாமில் அடைத்த ஆள். தீர்ப்பு வரை கூண்டில் நின்றவர்கள் 20 பேர். 17 பேருக்குத் தண்டனை, அதில் ஆயுள் ஆறு பேருக்கு, மூன்று பேர் விடுதலை. பாவருக்கு அதில் திருப்தி இல்லை. முகாமே ஒரு கொலை இயந்திரம், அதில் வேலை பார்த்தாலே கொலையில் பங்கு என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்த நாள், யாரை, எந்த எண்ணத்தோடு என்று தனித்தனியாக நிரூபிக்கச் சொன்னது. மேலிடத்து உத்தரவுக்குச் செய்தவன் பெரும்பாலும் 'உடந்தை' என்று தப்பினான்.

அறிவொளி டீச்சர் (திங்கள், காலை 6.20)

வக்கீல் சார் சட்டம் சொன்னார். நான் வெட்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

1990 வாக்கில் புதுச்சேரி அறிவொளி இயக்கத்தில் பாகூர் பக்கம் தொண்டராக இருந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, உலை வைத்துவிட்டுப் பெண்கள் வருவார்கள். வராதவர்களைத் தேடி நாங்கள் வீடு வீடாகப் போவோம். 'எனக்குத் தெரியாது' என்று நேராகச் சொன்னவர்கள் குறைவு. 'கண்ணாடி எடுத்து வரலை', 'கை சுளுக்கிக்கிச்சு', 'எல்லாம் சின்ன வயசுல படிச்சதுதான், மறந்துபோச்சு.' பஸ் நிலையத்தில் போர்டைப் பார்த்தபடியே பக்கத்தில் இருப்பவரிடம் 'இது வில்லியனூர் போகுதா' என்பார்கள், ஏதோ பேச்சுக் கொடுப்பது மாதிரி. ஒரு அம்மா கூடைக்குள் எப்போதும் ஒரு பழைய செய்தித்தாள் மடித்து வைத்திருப்பார். வேலை செய்த இடத்தில் மேஸ்திரி ஆக்குகிறேன் என்றபோது வேண்டாம் என்று நின்றுவிட்டார். மேஸ்திரி என்றால் பேரேட்டில் ஆள் கணக்கு எழுத வேண்டும்.

அதனால் ஹன்னா ஆபீஸ் வேலைக்குப் பதவி உயர்வு என்றதும் ஊரை விட்டு ஓடும் காட்சியில் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஓட்டலில் மெனுவைப் பிரித்துப் பார்த்துவிட்டு 'நீ சொல்வதே எனக்கும்' என்கிறாளே, அங்கேயே பிடித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் 'இவளுக்குப் படிக்கத் தெரியாது' என்று சொல்லியும்விட்டேன், மன்னிக்கவும்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது. எழுத்து தெரியாதவர் எத்தனை நூறு பேரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறேன். 'அ' போடும்போது கை நடுங்கும். ஆனால் அவர்கள் ஒருவருக்கும் நெருப்புக்குள் மனிதர் கத்தினால் கதவைத் திறக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லித் தரவில்லை. படிப்பில்லாததால்தான் அவளுக்கு நல்லது கெட்டது தெரியவில்லை என்பது போலவும், சிறையில் படிக்கக் கற்றதும் மனசாட்சி வந்தது போலவும் படம் ஒரு கோடு இழுக்கிறது. முகாம்களைத் திட்டம் போட்டு நடத்தியவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள், அதில் டாக்டர் பட்டம் வாங்கினவர்களே எத்தனை பேர்.

உப்பளம் வாசகன் (திங்கள், காலை 8.05)

டீச்சர், நீங்கள் சொல்லும் கோடு படத்தில் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். சிறையில் மைக்கேல் அவளைக் கேட்கிறான், பழசையெல்லாம் நினைத்துப் பார்த்தாயா என்று. செத்தவர் செத்தவர்தான், நான் என்ன நினைத்தால் என்ன என்கிற மாதிரிதான் பதில் வருகிறது. படிக்கக் கற்றுக்கொண்டேன் என்பதைத்தான் தன் கணக்கில் வரவாகச் சொல்கிறாள். அதைக் கேட்டதும் அவன் முகம் விழுகிறதே.

நான் புரிந்துகொண்டது இப்படி. வெட்கத்துக்குப் பார்க்கிற கண் வேண்டும். 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்பதுதான் அது. குற்றவுணர்ச்சிக்கு யாரும் பார்க்க வேண்டியதில்லை, நடு இரவில் தனியாக வரும். ஹன்னாவிடம் முதலாவது நிரம்பி வழிகிறது, இரண்டாவது காலி. வெட்கத்தால் ஆயுள் முழுக்க ஜெயிலுக்குப் போகத் தயாராக இருக்கிற ஒருத்திக்கு முந்நூறு பேர் கணக்கிலேயே இல்லை. என்னைச் சோறு இறங்காமல் செய்தது இந்த விகிதம்தான்.

சொல்தா பேரன் (திங்கள், மாலை 5.50)

எங்கள் தாத்தா சொல்தா. கடலூர் நண்பர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். தேவாலயம் எரியும் பகுதியைக் கேட்டபோது எனக்கு ஜெர்மனி நினைவுக்கு வரவில்லை. ஒரதூர் வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும்.

1944 ஜூன் 10. பிரான்சின் நடுப்பகுதியில் ஒரதூர்-சுர்-கிளான் என்ற ஊர். ஜெர்மானிய எஸ்எஸ் படை வந்து ஆண்களைக் களஞ்சியங்களில் வைத்துச் சுட்டது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீ வைத்தது. மொத்தம் 642 பேர் என்று அப்போது எண்ணினார்கள். தேவாலயத்திலிருந்து ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பியவர் ஒரே ஒரு பெண். எரிந்த ஊரை அப்படியே விட்டு, பக்கத்தில் புது ஊர் கட்டினார்கள்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 1953 தொடக்கத்தில் பொர்தோ நகரில் வழக்கு. கூண்டில் 21 பேர், அதில் 14 பேர் அல்சாஸ்காரர்கள், அதாவது பிரெஞ்சுக்காரர்கள்! அல்சாஸை ஜெர்மனி பிடித்துக்கொண்டு அந்த ஊர்ப் பையன்களைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்தது. ஒருவன்தான் தானாகச் சேர்ந்தவன். தண்டனை வந்ததும் அல்சாஸ் முழுக்கக் கொந்தளிப்பு, எங்கள் பிள்ளைகளும் பலியானவர்கள்தான் என்று. நாடு பிளந்துவிடும் என்று பயந்து அதே பிப்ரவரியில் பாராளுமன்றம் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட 13 பேருக்கும் மன்னிப்புச் சட்டம் போட்டு விட்டுவிட்டது. ஒரதூர்க்காரர்கள் அரசு கொடுத்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் படைக்குத் தளபதியாக இருந்தவர் ஜெர்மனியில் தொழில் நடத்திக்கொண்டு 1971-ல் நிம்மதியாகச் செத்தார்.

அந்த பிப்ரவரியில் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1 வர இன்னும் ஒன்றே முக்கால் வருடம். எங்கள் தாத்தா அப்போது இந்தோசீனாவில், அதே மூவர்ணக் கொடிக்குக் கீழே. அங்கே என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஜூலை 14 அன்று காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் போர் நினைவிடத்துக்குக் கோட்டு போட்டுக்கொண்டு, பதக்கங்களைக் குத்திக்கொண்டு கிளம்புவார். ஒன்றை மட்டும் டிரங்குப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போவார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஏன் என்று கேட்டேன். பாட்டி என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போய் 'இனிமே கேக்காதே' என்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. அவர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் நல்ல தம்பதியாகத்தான் வாழ்ந்தார்கள்.

பண்ருட்டி பலா (திங்கள், இரவு 7.15)

பூட்டிய கதவுக்குள் எரித்ததைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா? 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. ஒரே குடிசையில் 44 பேர். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்தது, 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அப்புறம் முள்ளிவாய்க்கால். அங்கே கூண்டே கிடையாது. ஜெர்மன்காரன் படமாவது எடுக்கிறான்.

மட்டுறுத்துநர் (திங்கள், இரவு 7.40)

போர்க்குற்றத்தைப் பற்றிப் பேசுகிற இழையில் முள்ளிவாய்க்காலைப் பேசாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்குத் தனி இழை ஓடுகிறது, விரிவாக அங்கே எழுதுங்கள். கீழவெண்மணியைப் போர் இல்லை என்று சொல்லி ஒதுக்கவும் மனம் வரவில்லை. ஆனால் நான்கு பதிவுக்குள் யார் அதிகம் செத்தார்கள் என்ற கணக்குக்கு வந்து நிற்போம், அது நடந்தால் பூட்டுவேன்.

கெடிலக்கரை (திங்கள், இரவு 10.30)

நான் பொதுவாக இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனார். கல்யாணம் ஆகி ஆறே மாதம். தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுக்கும் கடிதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று வரும். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் கடிதம் நின்றது. போர் முடிந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் அவரைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட லாரியில் ஏற்றியதைப் பார்த்ததாகச் சொன்னார். செத்ததைப் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசையாக இருக்கிறது. ஆசியக் கூலிகள் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கும் என்கிறார்கள், அதில் ஏராளமானவர்கள் தோட்டத் தமிழர்கள். காலராவில் செத்தவர்களைக் குழியில் தள்ளி மூடியதுதான். பெயர் எழுதி வைக்க யாரும் இல்லை.

வழக்கு நடந்ததா என்றால் நடந்தது, பெரும்பாலும் வெள்ளைக்காரக் கைதிகளுக்காக. இங்கேதான் ஹன்னா மாதிரி ஆட்கள் வருகிறார்கள். கைதி முகாம்களில் காவலுக்கு நின்றவர்களில் நிறையப் பேர் கொரியர்கள். அவர்கள் நாடே ஜப்பானிடம் அடிமை. போருக்குப் பிறகு 148 கொரியர்களைப் போர்க்குற்றவாளி என்று தண்டித்து, அதில் 23 பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர்கள் அடித்தார்கள் என்பதும் உண்மை, அடிமைகள் என்பதும் உண்மை. அல்சாஸ்காரர்கள் கதையைப் படித்ததும் இதைத்தான் நினைத்தேன்.

அவர் மனைவி, எங்கள் சின்ன ஆயா, சாகிறவரை பொட்டு வைத்திருந்தார். தாலியையும் கழற்றவில்லை. விசேஷ வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டு அவர் முன்னால் வரும்போது நீட்டுவதா, தாண்டிப் போவதா என்று தட்டு பிடித்திருக்கிற பெண்ணின் கை ஒரு கணம் நிற்கும். நானே பார்த்திருக்கிறேன். போருக்குப் பிந்தைய காதல் கதை என்றால் எனக்கு அந்தத் தட்டுதான்.

மஞ்சக்குப்பம் வக்கீல் (திங்கள், இரவு 11.55)

கெடிலக்கரை, நீங்கள் அடிக்கடி எழுத வேண்டும்.

பாவர் தோற்ற வாதம் ரொம்பத் தாமதமாக ஜெயித்தது என்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். 2011-ல் மியூனிக் நீதிமன்றம் ஒரு பழைய முகாம் காவலாளியைத் தண்டித்தது. இன்னாரை இந்த நாள் கொன்றார் என்று காட்டத் தேவையில்லை, கொல்வதற்கென்றே இருந்த முகாமில் காவல் நின்றதே உடந்தை என்றது. 2022 டிசம்பரில் இம்கார்ட் ஃபுர்ஷ்னர் என்ற மூதாட்டிக்குத் தண்டனை. ஷ்டுட்ஹோஃப் முகாம் கமாண்டரின் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர். வயது 97. குற்றம் நடந்தபோது பதினெட்டு பத்தொன்பது என்பதால் வழக்கு சிறார் நீதிமன்றத்தில்! விசாரணை தொடங்கிய நாளில் முதியோர் இல்லத்திலிருந்து டாக்ஸி பிடித்துத் தப்பி ஓடி, சில மணி நேரத்தில் பிடிபட்டார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தை, இரண்டு வருடம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. 2024-ல் மேல்முறையீடும் தள்ளுபடி.

ஹன்னா எழுதத் தெரியாததை மறைத்து மாட்டினாள். இவர் மாட்டியது டைப் அடிக்கத் தெரிந்ததால்.

பின்வரிசை (செவ்வாய், காலை 7.30)

படம் முழுக்க முணுமுணுத்தது நான்தான். கடற்கரைச் சாலை அவர்களே, மன்னித்துவிடுங்கள்.

கூட வந்தது என் அம்மா. அம்மா கைநாட்டு. சப்டைட்டில் ஓடிக்கொண்டே இருக்குமே, அதைத்தான் காதில் வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தனியாக விட முடியாது, அதோடு 'வழக்கு, கோர்ட்டு' என்றால் அம்மாவுக்குப் பிடிக்கும், கூட்டி வந்துவிட்டேன். இப்படிப்பட்ட படம் என்று எனக்குத் தெரியாது. முதல் முக்கால் மணி நேரம் நான் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. அம்மாதான் ஒரு கட்டத்தில் 'இந்த வீட்ல எந்நேரமும் குளிக்கிறாங்களே' என்றார்.

மைக்கேல் புத்தகங்களை வாசித்துப் பதிந்து அனுப்பிய கேசட்டை ஹன்னா சிறையில் கேட்டுக்கொண்டே புத்தகத்தில் விரலை வைத்து எழுத்துத் தேடுகிற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன், வாசிக்க முடியவில்லை. அம்மா 'சொல்லுடி' என்று இடித்தார்.

அறிவொளி டீச்சர் (செவ்வாய், காலை 7.50)

அம்மாவை அடுத்த காட்சிக்கும் கூட்டி வாருங்கள். உங்கள் பக்கத்து நாற்காலி எனக்கு.

கடற்கரைச் சாலை (செவ்வாய், காலை 9.10)

எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு முறை முறைத்தேன். மன்னிப்பு நான் கேட்க வேண்டியது. அம்மா படத்தைப் பற்றி என்ன சொன்னார்?

பின்வரிசை (செவ்வாய், காலை 9.45)

பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. ஹன்னாவைப் பற்றிக் கேட்டேன். 'அவ செஞ்சதுக்கு உள்ளே இருந்தது சரிதான்' என்றதோடு விட்டுவிட்டார். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் தாண்டும்போது அவராகவே சொன்னார்: 'கஷ்டப்பட்டு எழுதக் கத்துக்கிட்டு அவ அத்தனை கடுதாசி போட்டாளே. மூட்டை மூட்டையா கேசட் அனுப்பத் தெரிஞ்சவன் பதிலுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.'